மால் பார்க்கவா ஜித்தா போனீங்க?

கேள்வி: உம்ரா முடிச்சுட்டு ஜித்தால ஒரு நாள் கையில இருக்கு. ஜித்தாவோட பழைய ஊரு பலத், அங்க போ அங்க போன்னு எல்லாரும் உயிரை வாங்குறாங்க. இடிஞ்ச வீட்டைப் பார்க்கவா இவ்ளோ செலவு பண்ணி வந்தோம்? பேசாம நல்ல மாலுக்குப் போயிடலாமே?
– வாசகர், காயல்பட்டினம்

பதில்: மால்தான்னா சென்னையிலயே பார்த்திருக்கலாமே காக்கா.

இடிஞ்ச வீடுன்னு சொல்றீங்களே, அது செங்கடல் பவளக்கல்லு, நடுநடுவுல மரச்சட்டம் கொடுத்து நாலஞ்சு மாடி தூக்கியிருக்காங்க. 1869-ல சூயஸ் கால்வாய் திறந்து ஸ்டீமர்ல ஹாஜிகளும் சரக்கும் வந்து குவிஞ்சப்போ வியாபாரிங்க சம்பாதிச்ச காசு அது. தெருப்பக்கம் துருத்திக்கிட்டு நிக்குதே மரக்கூண்டு ஜன்னல், அதுக்கு ரோஷான்னு பேரு, அந்தத் தேக்கு இந்தியாவுல இருந்தும் ஜாவாவுல இருந்தும் கப்பல்ல போனது. காத்து வரும் வெயில் வராது, உள்ள இருக்கிற பொம்பளைங்க தெருவைப் பார்க்கலாம் தெருவுல போறவனுக்கு அவங்க தெரியாது, தண்ணிப் பானையையும் அங்கயே வச்சு குளிர வச்சுக்குவாங்க. கரண்ட் பில் இல்லாத ஏசி!

அப்புறம் ஏன் இப்படிக் கிடக்குதுன்னா, 1947-ல ஊர் மதிலை இடிச்சாங்க, எண்ணெய்க் காசு வந்ததும் பெரிய குடும்பமெல்லாம் வடக்கே வில்லா கட்டிப் போயிடுச்சு, காலி வீட்டை ரூம் ரூமா தடுத்து வாடகைக்கு விட்டாங்க. அதுல நெருக்கியடிச்சு இருந்தது பிழைக்கப் போன வெளிநாட்டு ஆளுங்கதான். தீயில போனதும் உண்டு, தானா சரிஞ்சதும் உண்டு. 2014-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு, இப்போ அரசாங்கம் காசைக் கொட்டி ரிப்பேர் பார்க்குது. சில இடம் காபி ஷாப்பா பளபளன்னு ஆனது எனக்கு உறுத்தத்தான் செய்யுது, ஆனா விழுந்து போறதுக்கு அது தேவலை.

மத்தியான வெயில்ல போய் நின்னுட்டு ஒண்ணுமில்லைன்னு எனக்கு லெட்டர் போடாதீங்க. சாயங்காலம் அசர் தொழுதுட்டு பாப் மக்காங்கிற பழைய ஊர் வாசல்ல இறங்கி சூக் அல் அலவி கடைத்தெரு வழியா நடங்க, கடை போர்டை விட்டுட்டு தலையைத் தூக்கிப் பாருங்க. நேரா நஸீஃப்ங்கிற பெரிய வியாபாரிக் குடும்பத்து வீடு வரும், 1881-ல கட்டி முடிச்சது, 1925-ல ஜித்தா கைக்கு வந்ததும் சவுதியை உருவாக்கின மன்னர் அப்துல் அஜீஸ் தங்கினது அங்கதான். வாசல்ல நம்ம ஊரு வேப்பமரம் ஒண்ணு நிக்கும், ரொம்ப காலம் ஊருக்குள்ள இருந்த ஒரே மரம் அதுதான்னு சொல்வாங்க, அதனால 'மரத்து வீடு'ன்னாலே எல்லாருக்கும் தெரியும்.

வீட்ல நகை கேட்டிருந்தா அதையும் பலத்லயே முடிச்சுக்குங்க, மால்ல பேரம் பேச விடமாட்டான்.