அந்தக் கறுப்புக் கோடு விரிசல் இல்லை

கேள்வி: என் மகனுக்குப் பதின்மூன்றரை வயது, எட்டாம் வகுப்பு படிக்கிறான். ஒரே வருஷத்தில் 9 செ.மீ. வளர்ந்துவிட்டான், குரலும் உடைந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் மஞ்சக்குப்பம் மைதானத்தில் கிரிக்கெட் ஆடும்போது கையை ஊன்றி விழுந்து, வலது மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்து, மாவுக்கட்டு போட்டிருக்கிறது. 11 வயதிலும் சைக்கிளிலிருந்து விழுந்து இடது கை உடைந்தது. எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உடைந்த இடம் போக, மணிக்கட்டுக்குப் பக்கத்தில் குறுக்கே இன்னொரு கறுப்புக் கோடு தெரிகிறது, டாக்டரிடம் கேட்க விட்டுப்போச்சு. முட்டிக்குக் கீழேயும் வலிக்கிறது என்கிறான். எலும்பில் சத்தே இல்லை, கட்டைப் பிரித்து நாட்டுக்கட்டு போடலாம் என்கிறார் மாமியார். இனி விளையாட்டே வேண்டாம் என்கிறார் கணவர். பக்கத்து வீட்டில் ஒரு சத்து பவுடரும் கால்சியம் மாத்திரையும் வாங்கச் சொல்கிறார்கள். பையனோ பொங்கல் டோர்னமென்டில் ஆடலாமா என்று தினமும் கேட்கிறான். என்ன செய்வது?
(ஓர் அம்மா, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்)

பதில்: சகோதரி, முதலில் அந்தக் கறுப்புக் கோடு. அது விரிசல் இல்லை. அடிபடாத இடது கையை எக்ஸ்ரே எடுத்தாலும் அதே இடத்தில் அதே கோடு இருக்கும். எலும்பின் முனையில், குருத்தெலும்பால் ஆன மெல்லிய தட்டு அது, சுண்ணாம்புச் சத்து இன்னும் ஏறாததால் எக்ஸ்ரேயில் வெள்ளையாக விழாமல் இடைவெளி மாதிரி தெரிகிறது. வளர்ச்சித் தட்டு என்பார்கள். கை கால் எலும்புகள் நீளுவது இந்த இடங்களில்தான். உங்கள் மகன் ஒரே வருஷத்தில் 9 செ.மீ. வளர்ந்ததில் பெரும்பங்கு இந்த மாதிரிக் கோடுகள் செய்த வேலை. மணிக்கட்டில் இருப்பது 17, 18 வயதுவாக்கில் மூடிவிடும், பெரியவர்கள் எக்ஸ்ரேயில் தேடினாலும் கிடைக்காது.

அந்தக் கோடு அங்கே இருப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: கட்டைப் பிரிக்காதீர்கள். மாமியார் பேரன்மேல் இருக்கும் பாசத்தில் சொல்கிறார், புரிகிறது. ஆனால் வளர்ச்சித் தட்டுக்குப் பக்கத்தில் முறிந்த எலும்பை எக்ஸ்ரே இல்லாமல் கைத்தடவலில் இழுத்து உட்கார வைக்கும்போது தட்டு நசுங்கினால், அந்த எலும்பு வளராமல் நின்றுவிடலாம், அல்லது ஒரு பக்கம் மட்டும் வளர்ந்து கை கோணலாகலாம், அது தெரியவரும்போது ஒரு வருஷம் ஓடியிருக்கும். மூங்கில் பட்டையை வைத்து இறுக்கிக் கட்டி ரத்த ஓட்டம் நின்று விரல்கள் மடங்கிப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அதற்குப் பிறகு டாக்டர்களான எங்களால் செய்ய முடிவது ரொம்பக் கொஞ்சம். இப்போதிருக்கும் மாவுக்கட்டிலும் விரல் நுனி நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ, விரலை நீட்டினால் தாங்க முடியாமல் வலித்தாலோ, ராத்திரி என்று பார்க்காமல் அரசு தலைமை மருத்துவமனைக்கோ கட்டுப் போட்ட இடத்துக்கோ ஓடுங்கள். மறு எக்ஸ்ரேவுக்கு வரச் சொன்ன தேதியையும் தவறவிடாதீர்கள்.

சரி, ஏன் உடைந்தது? பந்தல் போடுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள், மூங்கில் முளைவிட்ட வருஷமே முழு உயரத்துக்கும் போய்விடும், ஆனால் அந்த வருஷமே வெட்டினால் எதற்கும் ஆகாது, இரண்டு மூன்று வருஷம் நின்று முற்றினால்தான் பாரம் தாங்கும். மீசை அரும்பும் வயதில் பையன்களின் எலும்பும் அப்படித்தான். 13, 14 வயதில் உயரம் தாவுகிறது, வருஷத்துக்கு 9, 10 செ.மீ.கூட. அந்த நீளத்துக்கு ஈடாகச் சுண்ணாம்புச் சத்து வேகமாக ஏறுவது அதற்கு ஆறு மாதமோ ஒரு வருஷமோ பின்னால்தான். இடைப்பட்ட அந்தக் காலத்தில் எலும்பு நீளமாக இருக்கிறது, முற்றவில்லை. பையன் கனமாகிவிட்டான், வேகமாக ஓடுகிறான், நீண்ட கைகால்கள் இன்னும் அவன் சொல்பேச்சு கேட்பதில்லை. விழும்போது கையை ஊன்றுகிறான், மணிக்கட்டுக்கு மேலே முறிகிறது. இந்த வயதுப் பையன்களுக்கு அதிகமாக முறிகிற இடமே அதுதான்.

இரண்டு தடவை உடைந்தது நோயா என்பதுதானே உங்கள் பயம்? குழந்தைகளின் எலும்பு பலவீனத்தைச் சந்தேகிக்க மருத்துவத்தில் ஒரு கணக்கு உண்டு: 10 வயதுக்குள் நீள எலும்புகள் இரண்டு முறையாவது, அல்லது 19 வயதுக்குள் மூன்று முறையாவது முறிந்திருந்தால் முழுப் பரிசோதனை வேண்டும், பெரிய அடி எதுவும் படாமல் முதுகெலும்பு நசுங்கியிருந்தால் ஒரு முறையே போதும். உங்கள் மகன் இதில் வரவில்லை. சைக்கிளிலிருந்து விழுந்ததும், மைதானத்தில் ஓடி விழுந்ததும் எலும்பு உடையக்கூடிய விழுகைகள்தான். மூச்சிரைப்புக்கோ சிறுநீரக நோய்க்கோ பல மாதம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தாலோ, குடும்பத்தில் சின்ன அடிக்கே எலும்பு முறிகிறவர்கள் இருந்தாலோ, கண்ணின் வெள்ளைப் பகுதி நீலம் பூத்திருந்தாலோ மட்டும் அதை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. என் மகனும் 13 வயதில் லாஸ்பேட்டையில் ஃபுட்பால் ஆடும்போது இதே மாதிரி விழுந்து இதே இடத்தில் உடைத்துக்கொண்டான். கட்டு பிரித்த பிறகும் பயத்தில் ஒரு வருஷம் முழுக்க அவனை மைதானத்துப் பக்கமே விடவில்லை, ஸ்கூல், டியூஷன், வீடு என்று வைத்திருந்தேன். டாக்டராக இருந்தும் அதைச் செய்தேன். அந்த ஒரு வருஷத்தை அவனுக்குத் திருப்பித் தர முடியாதே என்று இன்றும் மனசு உறுத்துகிறது, ஏனென்றால் ஒருத்தன் வாழ்நாளில் சேர்க்கிற எலும்புச் சத்தில் ஏறக்குறைய கால் பங்கு இந்த வளர்ச்சித் தாவலை ஒட்டிய இரண்டே வருஷத்தில் சேருகிறது. இருபதுகளின் கடைசிக்குள் சேமிப்பு முடிந்துவிடும், அப்புறம் ஆயுசுக்கும் அதிலிருந்து செலவுதான். அந்தச் சேமிப்புக்கு உணவு மட்டும் போதாது, எலும்புக்கு அதிர்ச்சி வேண்டும். காலைத் தரையில் அடித்து ஓடுவது, குதிப்பது, திரும்புவது. சின்ன வயதிலேயே டென்னிஸ் ஆடத் தொடங்கியவர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையைவிடப் பருமனாக இருக்கும். ஒரே ஆள், ஒரே சாப்பாடு, அடி வாங்கிய கை மட்டும் தடித்திருக்கிறது. அதனால் கபடி, வாலிபால், ஃபுட்பால், கயிறு தாண்டுவது எல்லாம் எலும்புக்கு நல்லது. நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கு நல்லதுதான், எலும்பை அந்த அளவுக்குக் கெட்டிப்படுத்தாது.

எலும்பில் சத்து சேர வேண்டும் என்ற விஷயத்தில் உங்கள் மாமியார் பக்கம்தான் நான். இந்த வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2020-இல் சொன்ன அளவு. 200 மி.லி. டம்ளரில் இரண்டு டம்ளர் பால் என்றால் ஏறக்குறைய 480. மதியம் ஒரு கப் தயிர், 180. 50 கிராம் கேழ்வரகு மாவில் களியோ அடையோ, அது இன்னொரு 180. ஒரு எள்ளுருண்டை, 100-ஐ ஒட்டி வரும். அடையில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைப் போட்டால் கணக்கு முடிந்தது. கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் சத்து இன்னும் நன்றாக உடம்பில் ஒட்டும். பாலக்கீரையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதிலிருக்கும் ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. முதுநகர்ப் பக்கம் வாங்குகிற சின்ன நெத்திலி, முள்ளோடு மெல்லுகிற மீன் எதுவானாலும், அந்த முள்ளே கால்சியம்தான். கருவாடென்றால் நன்றாக ஊறவைத்து உப்பைக் கழுவுங்கள், உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் சேர்ந்து போகும். சிப்ஸையும் ஊறுகாயையும் நான் குறைக்கச் சொல்வது இதனால்தான். எலும்பு என்றால் கால்சியம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், உள்ளே புரதத்தால் பின்னிய வலை இருக்கிறது, முட்டை, பருப்பு, சுண்டல், மீன் தினமும் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பவுடரை வாங்குவதற்கு முன் டப்பாவின் பின்பக்கத்தில் சர்க்கரை எத்தனை கிராம் என்று படியுங்கள், அதைக் கலக்குகிற பாலிலேயே பெரும்பாலான சத்து இருக்கிறது. மேலே சொன்னபடி சாப்பிடுகிற பையனுக்குக் கால்சியம் மாத்திரை தேவையில்லை. பால் தயிர் தொடவே மாட்டான் என்றால் டாக்டரிடம் கேட்டுக் கொடுக்கலாம்.

அப்புறம் வெயில். கடலூர்க்காரருக்கு வெயில் பஞ்சமா என்று கேட்பீர்கள். காலை எட்டரைக்கு வேனில் ஏறி, வகுப்பில் உட்கார்ந்து, சாயங்காலம் டியூஷன் போய், இருட்டிய பிறகு வீடு வருகிற பையனுக்கு வெயில் பஞ்சம்தான். வைட்டமின் டி இல்லாவிட்டால் சாப்பிட்ட கால்சியத்தில் பெரும்பகுதி குடலைத் தாண்டி ரத்தத்துக்கு வராது. தோல் அதைத் தயாரிக்கிற வெயில், நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கிற நேரத்து வெயில். வேன் கண்ணாடி வழியாக வருவது கணக்கில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிவாக்கில் அரைக்கை சட்டை, அரை டிரவுசரில் அரை மணி நேரம் வெளியில் இருக்கட்டும், சித்திரை வைகாசியில் அதைப் பாதியாக்குங்கள். கடையில் 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டை நீங்களாக வாங்கி வாராவாரம் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள், அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

முட்டிக்குக் கீழே வலி என்கிறானே, கிண்ணத்துக்கு இரண்டு விரல் கீழே எலும்பு புடைத்து, அமுக்கினால் வலிக்கிறதா பாருங்கள். ஆமாம் என்றால், தொடைத் தசை வளரும் எலும்பை இழுக்கிற இடத்து வலி அது, ஆடுகிற பையன்களுக்கு இந்த வயதில் சகஜம், வளர்ச்சி முடியும்போது தானாக அடங்கும். ஆடிய பிறகு ஐஸ் ஒத்தடம், முன்தொடைத் தசையை மெதுவாக இழுத்து விடுகிற பயிற்சி, வலி கூடினால் கொஞ்ச நாள் குதிப்பைக் குறைப்பது, இவை போதும். எண்ணெய் போட்டு அழுத்தி நீவ வேண்டாம். ஆனால் பையன் நொண்டினாலோ, தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ வலி என்றாலோ காத்திருக்காதீர்கள். இடுப்புப் பந்து அதன் வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவும்போது வலி பல சமயம் முட்டியில்தான் தெரியும், பருமனான பையன்களுக்கு இது அதிகம், அன்றைக்கே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் ராத்திரி தூக்கத்தைக் கலைக்கிற வலிக்கும் அப்படித்தான்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பையன் சீக்கிரமே கேட்பான் என்பதால் ஒன்று. உயரத்துக்கும் உடம்புக்கும் என்று ஜிம்மில் கொடுக்கிற மாத்திரை, ஊசி எதுவும் வேண்டாம். 1994-இல் அமெரிக்க மருத்துவர்கள் 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி எழுதினார்கள், 204 செ.மீ. உயரம், வளர்ச்சித் தட்டுகள் மூடாமல் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார், எலும்போ அடர்த்தியில்லாமல் இருந்தது. பெண்களின் ஹார்மோன் என்று பெயரெடுத்த ஈஸ்ட்ரோஜன் அவர் உடம்பில் வேலை செய்யவில்லை என்பதே காரணம். ஆண்களுக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனாக மாறித்தான் தட்டை மூடுகிறது, எலும்பைக் கெட்டியாக்குகிறது என்று அதிலிருந்துதான் தெளிவானது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோனை ஏற்றினால் தட்டுகள் காலத்துக்கு முன்பே மூடி, வரவேண்டிய உயரமும் வராமல் போகும். மாஸ்டர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க, அளவாக எடை தூக்கினால் வளர்ச்சி நிற்காது, அது பயமில்லை.

கடைசியாகப் பொங்கல் டோர்னமென்ட். வேண்டாம். கட்டு பிரிக்க இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகும், பிரித்ததும் கை மெலிந்து, தோல் செதில் செதிலாக உரிந்து, முடி அடர்ந்து தெரியும், பயப்படாதீர்கள், மாறிவிடும். அதற்குப் பிறகும் ஆறு வாரம் விழக்கூடிய ஆட்டம் எதுவும் கூடாது, அதே இடம் மறுபடி முறிவது அந்த நாட்களில்தான். கை பழகியிருந்தால் பொங்கலுக்கு ஸ்கோர் நோட்டை அவனிடம் கொடுக்கச் சொல்லுங்கள், எழுதுவது மணிக்கட்டுக்கும் நல்ல பயிற்சி. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் போவீர்கள் இல்லையா, அதற்குள் டாக்டர் சரி என்று சொல்லியிருப்பார், கூட்டம் கலைந்த பிறகு அந்த மணலில் அவனையும் அவன் அப்பாவையும் ஓட விடுங்கள், பந்தையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.