ஓராண்டு ஆய்வகத்தில் இருந்துவிட்டுப் போகலாமா?

கேள்வி: எம்எஸ்சி வேதியியல் இந்த ஆண்டு முடித்தேன். அறிவியல் பாடங்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான சிஎஸ்ஐஆர் நெட்டில் மூன்றாம் பிரிவில், அதாவது பிஎச்டி சேர்க்கைக்கு மட்டும், தகுதி பெற்றிருக்கிறேன். ஓர் ஆய்வகத்தில் ஓராண்டு புராஜெக்ட் வேலையும் கிடைக்கும்போல் இருக்கிறது. நெட் மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும் என்பதால் உடனே பிஎச்டி சேர்ந்துவிடு என்கிறார்கள் வீட்டில். என்ன செய்யலாம்?
– வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: மதிப்பெண் காலாவதியாகிவிடுமே என்ற பயத்தில் மட்டும் எதிலும் சேர வேண்டாம். நெட் தேர்வை மறுபடி எழுதலாம். பிடிக்காத தலைப்போடும் ஒத்துவராத நெறியாளரோடும் மாட்டிக்கொண்டால் ஐந்தாறு ஆண்டுகள் போய்விடும். தவிர, மூன்றாம் பிரிவில் சிஎஸ்ஐஆர் உதவித்தொகை கிடையாது. அடுத்த முறை ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்துவிட்டால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் வரும் என்பதையும் வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.

எம்எஸ்சி ஆய்வகத்தில் நீங்கள் செய்த உப்புப் பகுப்பாய்வின் விடை ஆசிரியருக்கு முன்பே தெரியும். பாதி நேரம் சீனியரின் ரெக்கார்டு நோட்டுக்கும் தெரியும். ஆராய்ச்சியில் அப்படி யாருக்கும் தெரியாது. இரவு முழுக்கக் கலவையைப் பிரிக்கும் 'காலம்' (column) ஓட்டிவிட்டு, காலையில் பிரிந்து வந்ததில் எத்தனை பொருள்கள் உள்ளன என்று புள்ளிகளாகக் காட்டும் டிஎல்சி தகட்டைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தால், ஒரு புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருக்கும். அப்போது எரிச்சல் மட்டும் வருகிறதா, மூன்றாவது புள்ளி என்னவென்று பார்க்கும் ஆவலும் சேர்ந்து வருகிறதா என்பதை, பிஎச்டியில் பதிவு செய்வதற்கு முன்பே தெரிந்துகொள்வதற்குத்தான் இந்த ஓராண்டு. அனுபவச் சான்றிதழ் எனக்கு இரண்டாம்பட்சம். உங்களைப் போன்றவர்களின் சேர்க்கையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதமும் நேர்முகத்துக்கு 30 சதவீதமும் என்பது 2024 முதல் உள்ள ஏற்பாடு. அந்த 30-இல், சரியாக வராத ஒரு சோதனையைப் பற்றி உங்களால் பத்து நிமிடம் பேச முடிந்தால் நல்லது.

ஜேஆர்எஃப் கடிதத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு இதையே சொல்ல மாட்டேன். சிஎஸ்ஐஆர் கடிதம் இரண்டு ஆண்டுகளே செல்லும்; அவர் நல்ல நெறியாளரைத் தேடிப் போவதே சரி.

வேலையில் சேர்ந்தபடியே இந்த ஆண்டு இரண்டு மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்தும் வையுங்கள். மனதுக்குப் பிடித்த இடம் கிடைத்தால், புராஜெக்டிலிருந்து முறையாக விடுபட்டுப் போகலாம். ஆனால் எந்த ஆய்வகமும் சரி என்று சேர்ந்துவிடாதீர்கள். பில் எழுதுவதும் கெமிக்கல் ஆர்டர் போடுவதுமாகவே ஓராண்டைக் கழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதலில், புராஜெக்ட் எந்த மாதத்தோடு முடிகிறது என்று கேளுங்கள், ஏனென்றால் அதோடு சம்பளமும் நின்றுவிடும். பிறகு, பேராசிரியர் இல்லாத நேரமாகப் பார்த்து, அங்கே மூன்றாம் ஆண்டில் இருக்கும் ஆய்வு மாணவரிடம், இதற்கு முன் புராஜெக்டில் இருந்தவரின் பெயர் ஏதாவது ஆய்வுக் கட்டுரையில் வந்ததா என்று விசாரியுங்கள்.