ஐம்பதாயிரத்துக்குக் குதிரை கிடைக்குமா? கேட்டவர்களுக்கு மொத்தமாகப் பதில்

ஆடி நெருங்கினால் போதும், அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போகலாமா, எவ்வளவு எடுத்துக்கொண்டு போகலாம் என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எல்லோருடைய கேள்வியையும் வாங்கி வைத்துக்கொண்டு இன்று ஒரே மூச்சில் உட்கார்ந்துவிட்டேன். நான் கால்நடை டாக்டர் இல்லை. சேலத்தை ஒட்டி ஒரு தோட்டத்தில் இருபது வருடமாகக் குதிரை வைத்திருக்கிறேன், வாங்கியதில் பாதி தப்பு. அந்தத் தப்புகளில் கற்றதைத்தான் சொல்லப்போகிறேன்.

குமார், ஓமலூர்: அண்ணா, கையில் 50,000 இருக்கு. சவாரிக்கு மார்வாரி வேணும், மூணு வயசுக்குள்ள, பஞ்சகல்யாணியா இருந்தா ரொம்ப சந்தோஷம். கிடைக்குமா?

கிடைக்காது தம்பி. கிடைத்தால் பயப்படுங்கள்.

நீங்கள் கேட்டதைப் பாருங்கள். மார்வாரி, அதாவது காது நுனி உள்பக்கம் வளைந்த ராஜஸ்தான் சாதி என்றால் அதற்கு ஒரு விலை. இளசு என்றால் அதற்கு ஒன்று. பஞ்சகல்யாணி, அதாவது நாலு காலும் வெள்ளை, நெற்றியிலும் வெள்ளை என்றால் அதற்குத் தனியாக ஒன்று. இதில் எதன்மேல் நீங்கள் ஏறி உட்காரப்போகிறீர்கள்? சவாரி போவது காலிலும் முதுகிலும் குணத்திலும்தான். பணம் குறைவாக இருப்பவன் நிறத்தில் விட்டுக்கொடுக்கலாம், சாதியில் விட்டுக்கொடுக்கலாம், வயதில் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். காலில் மட்டும் ஒரு ரூபாய்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் குதிரை 25 வருடத்துக்கு மேலும் இருக்கும். பத்துப் பன்னிரண்டு வயதில், ரோடு, லாரி, பட்டாசு எல்லாம் பார்த்துப் பழகிய, காது நேராக நிற்கிற ஒரு சாதாரண செவலைக் குதிரையைத் தேடுங்கள். அதை யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள், அதனால்தான் அது உங்கள் விலைக்கு வரும். மூன்று வயதில் அதற்கே முதுகெலும்பு முற்றியிருக்காது. நீங்களும் புதுசு, அதுவும் புதுசு என்றால் யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது?

அப்புறம் 50,000-யும் குதிரைக்கே கொடுத்துவிடாதீர்கள். சேணம், கடிவாளம், லாடம், வண்டி வாடகை, முதல் மாதத் தீனி எல்லாம் அதே பையிலிருந்துதான் போக வேண்டும்.

பெயர் வேண்டாம் என்றவர், செவ்வாய்ப்பேட்டை: மாதம் எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க, வீட்ல கணக்கு கேக்கறாங்க.

வீட்டில் கேட்பது நியாயம்தான். என் ஊர் விலை உங்களுக்கு ஒத்துவராது, அதனால் அளவைச் சொல்கிறேன், விலையை நீங்கள் பெருக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் குதிரையின் எடை. எடை மேடையெல்லாம் தேடவேண்டாம், தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை செ.மீ., தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு முனை வரை எத்தனை செ.மீ. என்று எடுங்கள். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிட்டத்தட்டக் கிலோ வந்துவிடும். நெஞ்சு 150, நீளம் 140 என்றால் 265 கிலோ. நம் பக்கத்து மட்டக்குதிரைகள் இந்த வாக்கில்தான் இருக்கும்.

எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு ஒரு நாளைக்குக் காய்ந்த தீனிக் கணக்கு. 265-க்கு ஐந்தரை கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சைப் புல்லில் முக்கால் பங்கு தண்ணீர்தான், புல்லாகவே போட்டால் இருபது கிலோவுக்கு மேல் வேண்டும். வேலை வாங்கினால் வேகவைத்த கொள்ளும் கோதுமைத் தவிடும் சேர்த்து ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோ. லாடம் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, ஆடாவிட்டாலும் கழற்றிக் குளம்பைச் சீவி அடிக்க வேண்டும். பூச்சி மருந்து, வருடத்துக்கு ஒரு டெட்டனஸ் ஊசி. குதிரைக்கு டெட்டனஸ் லேசில் வரும், இந்த ஊசியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

ஒன்று கவனியுங்கள். நம் பக்கம் மாட்டுக்குப் போடுவதையே குதிரைக்கும் போட்டுவிடுகிறோம். கோ-4 என்கிற தீவனப் புல் மட்டுமே தின்று வளர்ந்தால் குதிரைக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்து முகவெலும்பு வீங்கும். பச்சைச் சோளப்பயிரைத் தொடர்ந்து தின்றால் மூத்திரப்பை கெட்டுப் பின்னங்கால் தள்ளாடும். பூசணம் பிடித்த கடலைக்கொடி போட்டால் வயிற்றுவலி. மாடாவது அசைபோட்டுச் சமாளிக்கும், குதிரைக்கு வாந்திகூட வராது.

இதையெல்லாம் 12 மாதத்துக்குப் போட்டுப் பார்த்தால், முதல் வருடச் செலவே குதிரை வாங்கிய விலையைத் தொட்டுவிடும். வீட்டில் காட்ட வேண்டிய கணக்கு அதுதான்.

சண்முகம், ஆத்தூர்: சுழி பாக்கணுமா வேண்டாமா? எங்க அப்பா சுழி பாக்காம கயிறு பிடிக்கவே விடமாட்டார்.

அப்பாவோடு சண்டை போடாதீர்கள். ஆனால் சுழி என்பது மயிர் சுழன்று வளரும் இடம், அது காலை நொண்டவும் வைக்காது, ஓடவும் வைக்காது என்பது என் கட்சி. என்னிடம் இப்போது இருக்கும் குதிரையே "ஆகாத சுழி" என்று மூன்று பேர் ஒதுக்கியதுதான். அதனால்தான் எனக்கு மலிவாக வந்தது. ஒன்பது வருடமாகக் குடும்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, என் வேலியில் இரண்டு முறை தாவியதைத் தவிர.

ஆனால் வாங்கும்போது கிடைத்த அந்தத் தள்ளுபடி, விற்கும்போது உங்கள் தலையில் விழும். விற்கிற எண்ணமே இல்லை என்றால் சுழி கெட்ட குதிரையைப் போல லாபம் வேறில்லை.

லட்சுமி, அம்மாப்பேட்டை: பல் பார்த்து வயசு சொல்றாங்களே, நாமளே பாக்க முடியுமா?

முடியும் அக்கா, ஐந்து வயது வரை நன்றாகவே முடியும். மாட்டுக்குக் கீழே எட்டு முன்பல், மேலே வெறும் ஈறு. குதிரைக்குக் கீழே ஆறு, மேலேயும் ஆறு. நடு இரண்டு பால்பல் விழுந்து புதுசு வருவது இரண்டரை வயதில், அடுத்த ஜோடி மூன்றரையில், கடைசி ஜோடி நாலரையில். ஐந்தில் வாய் நிறைந்துவிடும். அதற்குமேல் பல்லின் மேல்முகத்துக் குழி தேய்வதைப் பார்த்துச் சொல்வார்கள், எட்டு ஒன்பது வரை அது ஓரளவு சரி. பத்து வாக்கில் மேல் வரிசையின் ஓரப் பல்லில் ஈறோரம் ஒரு பழுப்புக் கோடு ஆரம்பிக்கும், பதினைந்தில் பாதிப் பல்லுக்கு இறங்கும், இருபதில் நுனியைத் தொடும். மணலில் மேய்ந்தது, கட்டையைக் கடிப்பது எல்லாம் கணக்கை மாற்றிவிடும்.

கட்டை கடிப்பது என்றதும் நினைவு வருகிறது. பல்லைப் பார்க்கும்போதே மேல் முன்பல்லின் வெளி விளிம்பு சாய்வாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்திருந்தால் அது கட்டுத்தறியைக் கடித்துக் காற்று இழுக்கிற குதிரை. அந்தப் பழக்கம் போகாது.

ரவி, எடப்பாடி: சந்தையில நல்லா ஓடினது வீட்டுக்கு வந்ததும் நொண்டுதுன்னு ரெண்டு பேர் சொன்னாங்க. இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மூன்றாவது ஆள் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சந்தையில், ஊர் வேண்டாம், சாயங்காலம் நாலரை மணிக்கு ஒரு கருஞ்செவலைப் பெட்டையைப் பார்த்தேன். விலை பேசத் தரகர் துண்டுக்குள் என் விரலைப் பிடித்த பிடியே எனக்குப் பெருமையாக இருந்தது. மண்ணில் நாலு சுற்று ஓட்டிக் காட்டினார்கள், மயில் மாதிரி வந்தது. ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாம் நாள் காலையில் பார்த்தால் இடது முன்னங்காலை முன்னே நீட்டி வைத்துக்கொண்டு நிற்கிறது, தவிட்டு வாளியைக் காட்டினாலும் வரவில்லை. குளம்பைத் தொட்டேன், மற்ற மூன்றும் சில்லென்று இருக்க, அது மட்டும் டீ டம்ளர் போலச் சுட்டது. வந்து பார்த்த டாக்டர், வலி ஊசி போட்டு விற்றிருப்பார்கள், ஊசி இறங்கிவிட்டது என்றார். எட்டு மாதம் வைத்தியம் பார்த்தேன்.

அன்றிலிருந்து என் பழக்கம் இது. சாயங்காலம் பார்த்தாலும் பணம் பேசுவதில்லை. மறுநாள் விடியற்காலை, சொல்லாமல், அதை வெளியே அவிழ்ப்பதற்கு முன்னாலேயே போய் நிற்பேன். கட்டிய இடத்தில் எப்படி நிற்கிறது, சாணி உருண்டையாகப் போட்டிருக்கிறதா, தீனியைப் பாதி மென்று கவளமாகத் துப்பியிருக்கிறதா என்று பார்ப்பேன். நாலு குளம்பையும் நானே தூக்கி மோந்து பார்ப்பேன், அழுகல் நாற்றம் தெரிந்துவிடும். அப்புறம் மண்ணில் அல்ல, தார் ரோட்டில், கயிற்றைத் தளர்த்திப் பிடித்துத் துள்ளு நடையில் ஓட்டச் சொல்லுங்கள். தலையைப் பாருங்கள், காலை அல்ல. முன்னங்காலில் வலி இருந்தால் வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது தாழும். கயிற்றை இழுத்துப் பிடித்து ஓட்டுகிறவர் இதைத்தான் மறைக்கிறார்.

ஓட்டம் முடிந்ததும் விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 8 முதல் 16 வரை இருக்கும், ஓடியபின் ஏறும். கால் மணி நேரத்தில் இறங்க வேண்டும், இருமல் கூடாது. முடிந்தால் ஒரு வாரம் இடைவெளி விட்டு இன்னொரு முறை போங்கள். "இப்பவே வேற ஆள் வந்து நிக்கறான்" என்பார்கள். நிற்கட்டும்.

ஒரு தங்கும் விடுதிக்காரர், ஏற்காடு: சுற்றுலாப் பயணிகளுக்காக ரெண்டு குதிரை வாங்கலாம்னு இருக்கேன். பட்ஜெட் கம்மி. மலைக்கு எது சரி?

மலைக்கு உயரக் குதிரை வேண்டாம். உங்களுக்கு வேண்டியது கட்டையான காலும் கெட்டிக் குளம்பும் உள்ள மட்டக்குதிரை, இறக்கத்தில் நிதானமாக இறங்குவது. ஏற்றத்தில் எல்லாக் குதிரையும் ஏறிவிடும், முழங்கால் போவது இறங்கும்போதுதான். ஆகவே வாங்கும்போதே ஒரு சரிவில் இறக்கிப் பாருங்கள்.

குளிரைப் பற்றிக் கவலை வேண்டாம், 1,500 மீட்டர் உயரத்துக் குளிர் குதிரைக்குச் சுகம்தான். ஈரம்தான் எதிரி. மூடுபனியும் மழையுமாக மாதக்கணக்கில் சேற்றில் நின்றால் குளம்பு அழுகும், லாயத்தில் தரையை உயர்த்திக் கட்டுங்கள். எஸ்டேட் ஓரத்தில் மேயவிட்டால் உண்ணிச்செடி இருக்கிறதா பாருங்கள், கால்நடைகளுக்கு ஈரலைக் கெடுக்கிற செடி அது. வாங்கியதை வண்டியில் ஏற்றும்போது 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது என்று டிரைவரிடம் முதலிலேயே சொல்லி, தலையை ரொம்பக் குட்டையாகக் கட்டாமல், அடியில் மணலோ வைக்கோலோ பரப்பி ஏற்றுங்கள்.

பயணிகளின் எடையைக் கேட்க வெட்கப்படாதீர்கள். சேணத்தோடு சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது. மேலே சொன்ன 265 கிலோ குதிரைக்கு 53 கிலோ. அதாவது குழந்தைகளும் ஒல்லியானவர்களும் மட்டும். இதற்கே உங்கள் வாடிக்கையாளரில் பாதிப் பேர் போய்விடுவார்கள், அதையும் கணக்கில் வைத்துத்தான் தொழிலை ஆரம்பிக்க வேண்டும்.

பிரபு, கொண்டலாம்பட்டி: அப்ப என் எடை 88 கிலோ. நான் என்ன பண்றது?

சேணம் பத்து கிலோ என்று வைத்தால் 490 கிலோ குதிரை வேண்டும். அந்த உருவம் குறைந்த பட்ஜெட்டில் வருவது பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றது ஒன்றுதான். அடுத்த கேள்வியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். இல்லையா, குதிரை வண்டி வாங்குங்கள், ஜோராக இருக்கும்.

தினேஷ், அஸ்தம்பட்டி: பெங்களூர்ல ரேஸ் குதிரை சும்மாவே கொடுக்கறாங்களாம், எடுக்கலாமா?

சும்மா கொடுப்பது குதிரையை மட்டும்தான், தீனியை அல்ல. உருவம் பெரிசு, தோல் மெல்லிசு, சேலம் வெயிலும் கல்லும் அதற்கு ஆகாது, குளம்பு சீக்கிரம் உடையும். பழக்கியது முழுக்க வேகத்துக்கு. சிலது தங்கமான குணம், மாதக்கணக்கில் சும்மா மேயவிட்டு மறுபடி ஆரம்பத்திலிருந்து பழக்கினால் நன்றாக வரும். ஆனால் ஏன் ஓய்வு கொடுத்தார்கள் என்று கேட்காமல் எடுக்காதீர்கள், பெரும்பாலும் பதில் காலில் இருக்கும். முதல் குதிரையாக மட்டும் வேண்டாம்.

சுரேஷ், சங்ககிரி: ராஜஸ்தான்ல இருந்து வீடியோ அனுப்பினாங்க, சூப்பரா இருக்கு. பாதி பணம் போட்டா லாரில ஏத்தறேங்கறாங்க.

போடாதீர்கள். அவ்வளவுதான்.

சரி, கொஞ்சம் சொல்கிறேன். வீடியோவில் தெரிவது பிடரியும் வாலும், தெரியாதது குளம்பின் அடிப்பகுதி. ஏற்றினால் அத்தனை நாள் நின்றுகொண்டே வரவேண்டும், வழியில் வயிற்றுவலி வந்தால் யார் பொறுப்பு? வண்டியில் ஏற்ற டாக்டர் சான்று வேண்டும். நேரில் போக முடியாத தூரத்தில் இருக்கிற குதிரை உங்கள் பட்ஜெட்டில் இல்லை என்று அர்த்தம்.

கவிதா, மேட்டூர்: ரத்தப் பரிசோதனை அவசியமா? ஆயிரக்கணக்குல செலவு வைக்காதீங்க அண்ணா!

அவசியம். கிளாண்டர்ஸ் என்று ஒரு நோய், மூக்கில் சளியும் தோலில் கட்டியுமாக வரும், மனிதருக்கும் தொற்றும். உறுதியானால் சட்டப்படி குதிரையைக் கொன்றுவிட வேண்டும், வைத்தியம் பார்க்க விடமாட்டார்கள். வெளியே நன்றாகத் தெரியும் குதிரையிலும் இருக்கலாம். அரசு கால்நடை மருத்துவரிடம் சொன்னால் ரத்தம் எடுத்து அனுப்புவதற்கு வழி சொல்வார்; ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம்தான் இதற்குப் பெரிய இடம். நமக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்தில் இருக்கிறது, காலையும் மூச்சையும் அங்கே காட்டலாம். பரிசோதனை முடியும் வரை புதுக் குதிரையைப் பழைய குதிரையோடு ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்க விடாதீர்கள்.

மறுபடியும் குமார், ஓமலூர்: சரிங்ணா, செவலையே பாக்கறேன். குணம் எப்படித் தெரியும்? பேரம் எப்படிப் பேசறது?

குதிரையின் குணம் அறிந்துதான் ஆண்டவன் கொம்பு கொடுக்கவில்லை என்பார்கள். விற்பவரே சேணம் கட்டட்டும், விற்பவரே முதலில் ஏறட்டும். அவர் ஏறத் தயங்கினால் நீங்கள் ஏறவே வேண்டாம். அப்புறம் கடிவாளத்தைக் கழற்றி மறுபடி உங்களையே மாட்ட விடச் சொல்லுங்கள். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்பது சும்மா சொன்னதல்ல. காதைத் தொடவிடாமல் தலையைத் தூக்குகிறதா, பல்லைக் கடித்துக்கொள்கிறதா, இல்லை பெருமூச்சு விட்டு வாங்கிக்கொள்கிறதா என்று அந்த ஒரு நிமிடத்தில் தெரியும். கூட்டத்திலிருந்து தனியாக நூறு அடி நடத்திப் பாருங்கள், வரமாட்டேன் என்று முரண்டு பிடிப்பது நாளை உங்கள் தெருவிலும் பிடிக்கும்.

பேரத்துக்கு, குறையை உரக்கச் சொல்லி மட்டம் தட்டாதீர்கள், விற்பவருக்கு ரோஷம் வந்துவிடும். பார்த்த குறையை மனதில் வைத்துக்கொண்டு, வைத்தியச் செலவைக் கழித்து ஒரு விலை சொல்லி நிறுத்துங்கள். துண்டுக்குள் விரல் பேச்சு உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் வாயால் பேசுகிறேன் என்று நேராகச் சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பையில் ஒரு புதுக் கயிறு எடுத்துக்கொண்டு போங்கள். நம் பக்கம் விற்றவர் தன் கயிற்றை அவிழ்த்துக்கொள்வது உண்டு, போன தடவை நான் வேட்டியோரம் கிழித்துக் கட்டிக்கொண்டு வர வேண்டியதாகிவிட்டது.