பாடம் புரிந்தது என்கிறார்கள், தேர்வில் எழுதுவதில்லை: உயர்நிலை வகுப்புகளுக்கு எந்தக் கற்பித்தல் முறை உதவும்?

புதிதாகப் பணியில் சேர்ந்திருப்பதாகவும், வகுப்பில் நன்றாகத் தலையாட்டும் பிள்ளைகள் தேர்வுத்தாளை வெறுமையாக விட்டுவிடுவதாகவும் எழுதி, எந்த முறையில் நடத்தினால் பலன் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மண்டபம் பக்கத்துக் கடலோர ஊர் ஒன்றின் அரசுப் பள்ளியில் 17 ஆண்டுகளாக ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்துகிறேன். நான் கண்டவரையில், நாம் எப்படி நடத்துகிறோம் என்பதைவிட, நடத்தியதைப் பிள்ளைகளிடமிருந்து எப்படித் திரும்ப வாங்குகிறோம் என்பதுதான் அவர்களுடைய மதிப்பெண்ணில் தெரிகிறது.

முதல் ஐந்தாறு ஆண்டுகள் நானும் குறிப்புச் சொல்லி எழுத வைத்து, அதையே மூன்று முறை வாசிக்க வைத்து, மாலையில் சிறப்பு வகுப்பும் எடுத்தேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம். அரையாண்டுத் தேர்வில் சரியாக எழுதிய வினாவையே திருப்புதல் தேர்வில் சற்று மாற்றிக் கேட்டால், அதே பிள்ளைகள் விழித்தார்கள். படித்ததையே மறுபடி படிக்கும்போது 'இது தெரிந்ததுதானே' என்று ஒரு நிறைவு வருகிறது. நம்மையும் பிள்ளைகளையும் சேர்த்து ஏமாற்றுவது அந்த நிறைவுதான். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனை 2006இல் வெளியானது. ஒரு பகுதியைப் படித்தபின் அதையே மறுபடி படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, மறுபடி படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள். நம் பிள்ளைகள் எழுதப்போகும் பொதுத்தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

ஆகவே இப்போது என் வகுப்பின் முதல் ஏழு நிமிடம் புத்தகம் மூடியிருக்கும். ஓர் அரைத்தாளில் மூன்று வினாக்களுக்கு விடை எழுத வேண்டும்: ஒன்று நேற்றைய பாடத்திலிருந்து, ஒன்று போன வாரத்திலிருந்து, ஒன்று போன மாதம் முடித்த பாடத்திலிருந்து. மதிப்பெண் கிடையாது, பதிவேட்டில் ஏற்றுவதும் கிடையாது. மதிப்பெண் போட்ட அன்றே பக்கத்துத் தாளைப் பார்ப்பது தொடங்கிவிடும் என்பதை ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டேன். இந்த ஏற்பாடு எங்கள் ஊருக்குப் பொருந்திப்போனதற்கு வேறொரு காரணமும் உண்டு. விசைப்படகுகள் கரை திரும்பும் காலைகளில் பையன்கள் சிலர் தாமதமாகத்தான் வருவார்கள். தாய் பாசி எடுக்கப் போகும் நாள்களில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பெண்பிள்ளைகள் வீட்டில் நின்றுவிடுவார்கள். பழைய பாடம் வாராவாரம் திரும்பி வருவதால், ஒரு நாள் விட்டுப்போனது அடியோடு விட்டுப்போவதில்லை.

தாளை வாங்குவதோடு வேலை முடிவதில்லை; தவறான விடைகளை வாசிக்க வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒலியியல் பாடத்தில், படகிலிருந்து அனுப்பிய ஒலி கடலடியில் பட்டு 0.016 நொடியில் திரும்பினால், நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு 1500 மீட்டர் எனக் கொண்டு, ஆழம் என்ன என்று கேட்டிருந்தேன். பாதிப் பேருக்கு மேல் 24 மீட்டர் என்று எழுதியிருந்தார்கள். முன்பெல்லாம் சிவப்பு மையால் அடித்து, சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு நகர்ந்துவிடுவேன். அன்றைக்குச் சரி, தவறு எதுவும் சொல்லாமல் 24 என்று மட்டும் எழுதி, நம் வடகடலில் இவ்வளவு ஆழம் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றேன். (பாக் விரிகுடாவை இங்கே வடகடல் என்பார்கள்.) கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடிக்கு மேல் பொறுப்பதில்லை என்றும், மூன்று நொடி பொறுத்தாலே விடைகள் நீண்டு செறிவாக வருகின்றன என்றும் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களிலேயே எழுதியிருக்கிறார். நின்று பார்த்தால்தான் அந்த மூன்று நொடி எவ்வளவு நீளம் என்பது தெரியும். கடைசி வரிசையில், வாயே திறக்காத ஒரு பையன், "அம்புட்டு ஆழம் கிடையாது டீச்சர், எங்க அப்பா வலை விடுற எடத்துல ஏழு பாகம் தேறாது" என்றான். இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய 1.83 மீட்டர், 24 மீட்டர் என்றால் 13 பாகம். கணக்குப் போட்டதும் அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒலி கீழே போய் மேலேயும் வரவேண்டுமே என்று முன்வரிசைப் பெண் ஒருத்தி சொல்ல, இரண்டால் வகுக்க வேண்டும் என்பதும் 12 மீட்டர் என்பதும் அவர்கள் வாயிலிருந்தே வந்தன. அடுத்த மாதம் அதே வகை வினாவைக் கொடுத்தபோது வகுக்க மறந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான்.

கடலைச் சொல்லி நடத்திவிட்டால் கடலோரப் பிள்ளைகளுக்கு எல்லாம் புரிந்துவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். என் வகுப்புப் பெண்பிள்ளைகளில் பலர் படகில் கால் வைத்ததே இல்லை. ஊரறிவு பயன்பட்டது பாடத்தை அலங்கரிக்க அல்ல, விடையைத் தட்டிப் பார்க்க.

கலாம் பிறந்த மாவட்டம் என்பதால் எங்கள் பிள்ளைகள் அவர் பெயரால் ஆண்டு முழுவதும் அறிவுரை கேட்டுச் சலித்துப் போயிருக்கிறார்கள். ஆனால் அவருடைய ராமேசுவரத்து ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை பறக்கும் விதத்தைக் காட்டக் கடற்கரைக்கு அழைத்துப்போன செய்தியில், எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முன் நடந்ததுதான். கரும்பலகையில் படம் வரைந்து நடத்தி முடித்து அவர் கேட்டபோது, புரியவில்லை என்று பிள்ளைகளால் சொல்ல முடிந்திருக்கிறது. உங்கள் வகுப்பில் தலையாட்டுபவர்களால் அது முடியவில்லை. மதிப்பெண் இல்லாத அரைத்தாள் அவர்களுக்குப் பதிலாக அதைச் சொல்லிவிடும்.

வாசிப்பே தடுமாறும் பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களிடம் விடையைக் கேட்காமல் வினாவை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்; கணக்குத் தெரியாதவன் என்று நாம் முடிவு கட்டிய பையன், 'எனில்' என்ற சொல்லில் தடுக்கி நிற்பதைப் பார்ப்பீர்கள். மினிமம் மெட்டீரியல், அதாவது தேர்ச்சி பெறத் தேவையான வினாவிடைகளை மட்டும் தொகுத்த கையேடு, 35 மதிப்பெண்ணுக்குக் கைகொடுக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜூலையிலேயே அதைக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளை அதைத் தாண்டிப் புத்தகத்தைத் திறக்காது.

பெற்றோர் கூட்டத்துக்கு நாள் பார்ப்பதும் கற்பித்தலில் சேர்ந்ததுதான். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பள்ளி திறந்ததும் அந்த 14ஆம் தேதிக்குள் கூட்டினால், மற்ற மாதங்களில் கண்ணில் படாத தந்தைமார் வந்து உட்காருகிறார்கள்.

பாடப்பகுதி முடியாது என்ற பயம் உங்களுக்கும் வரும், தலைமையாசிரியரும் கேட்பார். எனக்கு முதல் பருவத்தில் ஒரு பாடம் பின்தங்கியது. மறந்துபோனதைத் திரும்ப நடத்தும் வேலை குறைந்ததால் டிசம்பருக்குள் அது சரியாகிவிட்டது. முதலில் ஒரே ஒரு வகுப்பில் மட்டும் தொடங்குங்கள். அரைத்தாள்களை வீட்டுக்குச் சுமக்க வேண்டாம். சாப்பாட்டு இடைவேளையில் புரட்டினால் பத்து நிமிடம்தான் ஆகும், அதில் திரும்பத் திரும்ப வரும் தவறு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மறுநாள் வகுப்புக்குப் போனால் போதும்.