வாசகர் கேள்வி–பதில்: ஊருக்குச் சொன்னது ஒருவருக்குப் பொருந்துமா?

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படித்து வருகிறேன். 'இது சிறந்த அணி, இவர் இந்த அணியில் இருக்கிறார், ஆகவே இவர் சிறந்த ஆட்டக்காரர்' என்பது தவறான வாதம் என்றும், 'பாலூட்டிகள் அனைத்தும் நுரையீரலால் சுவாசிப்பவை, திமிங்கிலம் பாலூட்டி, ஆகவே திமிங்கிலம் நுரையீரலால் சுவாசிக்கிறது' என்பது சரியான வாதம் என்றும் மாதிரி வினாத்தாளின் விடைக்குறிப்பு சொல்கிறது. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவையாகத்தானே இருக்கின்றன?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அப்படித் தோன்றுவதால்தான் வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு இந்தப் பிழையின்மீது தனிப் பிரியம் இருக்கிறது. திமிங்கில வாதத்தில் முதல் கூற்று ஒவ்வொரு பாலூட்டியையும் பற்றியது. எந்தப் பாலூட்டியை எடுத்தாலும் அந்தப் பண்பு அதனிடம் இருக்கும் என்ற உறுதி அந்தக் கூற்றிலேயே அடங்கியிருப்பதால் முடிவு தானாகக் கிடைத்துவிடுகிறது. அணி பற்றிய கூற்றில் 'சிறந்த' என்ற சிறப்பு பதினொருவரும் சேர்ந்த கூட்டுக்குத் தரப்பட்டது. அதைப் பங்குபோட்டு ஆளுக்கொன்றாகக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

1983 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியா 183 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. அதிகபட்சமாக ஸ்ரீகாந்த் 38 ஓட்டங்கள் எடுத்தார், கவாஸ்கர் 2 ஓட்டங்களில் வெளியேறினார், அரைச்சதம் அடித்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் மேற்கிந்தியத் தீவுகளை 140 ஓட்டங்களுக்குச் சுருட்டி அணி கோப்பையை வென்றது. கவாஸ்கர் தலைசிறந்த மட்டையாளர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்குச் சான்று, டெஸ்ட் போட்டிகளில் 10,000 ஓட்டங்களை முதன்முதலாகக் கடந்தவர் அவர் என்பதே தவிர, அணி வென்ற கோப்பை அன்று. முடிவு உண்மையாக இருந்தாலும் அதற்கு வந்து சேர்ந்த வழி தவறாக இருக்கலாம் என்பதைத் தேர்வர்களில் பலர் கவனிப்பதில்லை. முடிவு மெய்யாக இருப்பதைப் பார்த்ததும் வாதத்துக்கும் சரிக்குறி போட்டுவிடுகிறார்கள்.

அணி, குழு, கட்சி போன்ற சொற்கள் இருந்தால் எச்சரிக்கை தானே வந்துவிடும். அவை இல்லாதபோதுதான் சிக்கல். 'வரையாடு அருகிவரும் விலங்கு; முக்கூர்த்தி தேசியப் பூங்காவில் மேயும் இந்தக் கிடா ஒரு வரையாடு; ஆகவே இந்தக் கிடா அருகி வருகிறது' என்ற வாதத்தைப் பாருங்கள். முதுகில் சேணம் போட்டதுபோன்ற வெளிறிய திட்டோடு, கொழுகொழுவென்று பாறைமேல் நிற்கும் அந்தக் கிடா அருகவும் இல்லை, பெருகவும் இல்லை. எண்ணிக்கை குறைவது இனத்துக்கு நேர்வது, தனி விலங்குக்கு நேர்வது அன்று. முதல் கூற்றை 'ஒவ்வொரு' என்று தொடங்கி மாற்றி எழுதிப் பாருங்கள். 'ஒவ்வொரு வரையாடும் தாவரம் உண்ணும்' என்பதில் பொருள் சிதையவில்லை; 'ஒவ்வொரு வரையாடும் அருகி வருகிறது' என்பதில் சிதைந்துவிடுகிறது. அணி வாதத்தில் 'ஒவ்வொரு ஆட்டக்காரரும் சிறந்தவர்' என்று எழுதினால் பொருள் தரத்தான் செய்யும். ஆனால் மூலக் கூற்றில் இல்லாத புதுச் செய்தியை நாமே சேர்த்திருப்போம். இரண்டில் எது நேர்ந்தாலும் அது பகுப்புப் போலி, அதாவது முழுமைக்குரிய பண்பைப் பகுதியின்மேல் ஏற்றும் பிழை.

கேள்வி: 'தமிழகத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு, ஆகவே நம் மாவட்டத்திலும் ஏறத்தாழ அவ்வளவு இருக்கும்' என்று ஒருவர் மேடையில் பேசினார். சராசரியை வைத்துப் பேசுவதும் இதே பிழைதானா?
– வாசகர், தருமபுரி

பதில்: அதே பிழைதான், உங்கள் மாவட்டத்தைப் பொறுத்தவரை மிகவும் வெளிப்படையான பிழையும்கூட. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, தருமபுரியில் 68.54, கன்னியாகுமரியில் 91.75.

சராசரி அளவில் மட்டுமன்றித் திசையிலும் ஏமாற்றக்கூடும். அமெரிக்காவின் 1930 கணக்கெடுப்பை ஆராய்ந்த சமூகவியலாளர் ராபின்சன், 1950இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு விந்தையைக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தோர் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறியாதோர் விகிதம் குறைவாக இருந்தது. இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டும் எந்த அளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண், –0.53; எதிர்க்குறி இருந்தால் ஒன்று கூடும்போது மற்றது குறைகிறது என்று பொருள். இதை மட்டும் பார்ப்பவர், குடியேறியவர்கள் உள்ளூர்க்காரர்களைவிட அதிகம் படித்தவர்கள் என்றே முடிவுகட்டுவார். தனி மனிதர்களை வைத்துக் கணக்கிட்டபோது கெழு +0.12 ஆயிற்று, அதாவது குடியேறியவர்களிடையேதான் எழுத்தறியாமை சற்று அதிகம். உள்ளூர் மக்கள் நன்கு எழுத்தறிந்திருந்த மாநிலங்களிலேயே வந்தவர்கள் பெரும்பாலும் குடியமர்ந்திருந்தார்கள் என்பதே காரணம். சாதி, மதம், மாவட்டம் என்று தொகுத்த புள்ளிவிவரத்தைக் காட்டித் தனி மனிதர்களை எடைபோடும் தொலைக்காட்சி விவாதங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கட்டுரைதான் நினைவுக்கு வருகிறது.

கேள்வி: இந்தப் பிழையை முதலில் வகைப்படுத்தியவர் யார்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: மேலை மரபில் அரிஸ்டாட்டிலைச் சொல்லலாம். 'ஐந்து என்பது இரண்டும் மூன்றும். ஆகவே ஐந்து இரட்டை எண், ஒற்றை எண்ணும்கூட' என்பது அவர் காட்டிய எடுத்துக்காட்டு. அவர் சொல்லமைப்பைப் பிரித்துப் பொருள்கொள்வதால் வரும் மயக்கமாகவே இதைப் பார்த்தார். பொருள்களின் பண்புக்கும் இது விரிந்தது பின்னால்.

கேள்வி: உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் படிக்கிறேன். அப்படியானால் முழுமைக்குச் சொன்னது எதுவுமே பகுதிக்குப் பொருந்தாது என்று எடுத்துக்கொள்ளலாமா?
– மாணவி, யாழ்ப்பாணம்

பதில்: வேண்டாம், அது எதிர்ப்பக்கம் சாய்ந்த தவறு. மூட்டையின் எடை 25 கிலோ என்றால் அதிலுள்ள எந்த அரிசியும் 25 கிலோவைத் தாண்டாது. பெட்டி முழுவதும் கொழும்பில் இருந்தால் அதன் மூடியும் கொழும்பில்தான் இருக்கும். இத்தகைய பண்புகள் தடையின்றி இறங்கும். ஒப்பீட்டில் பிறப்பவை இறங்குவதில்லை: யானை பெரிய விலங்கு, அதன் கண் சிறியது. சேர்க்கையில் பிறப்பவையும் அப்படியே. உப்பை நாம் நாள்தோறும் உண்கிறோம். அதன் கூறான சோடியம் தனித்திருந்து தண்ணீரில் பட்டால் சீறித் தீப்பற்றக்கூடியது, மற்றொரு கூறான குளோரினை 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மன் படை நச்சு வாயுவாக ஏவியது. உப்பு தீங்கற்றது, ஆகவே குளோரினும் தீங்கற்றது என்பது பகுப்புப் போலி. குளோரின் நஞ்சு, ஆகவே உப்பும் நஞ்சு என்பது தொகுப்புப் போலி, அதாவது பகுதிக்குரிய பண்பை முழுமையின்மேல் ஏற்றும் பிழை. விடைத் தெரிவுகளில் இரண்டு பெயர்களும் அருகருகே இருந்தால், கூற்று எதைப் பற்றியது, முடிவு எதைப் பற்றியது என்று பார்த்து வாதம் செல்லும் திசையைக் கொண்டு தீர்மானியுங்கள்.