பூசுதலுக்கு ஃபாதரை எப்போது கூப்பிடுவது?

கேள்வி: கத்தோலிக்கக் குடும்பம். பாட்டி படுத்த படுக்கையாக இருக்கிறார், நினைவு நன்றாக இருக்கிறது. பூசுதல் (நோயாளிக்குக் குருவானவர் எண்ணெய் பூசிச் செபிக்கும் அருட்சாதனம், அதாவது திருச்சபையின் புனிதச் சடங்கு) கொடுக்கலாம் என்றால், 'சாகப் போறோம்னு பயந்துடுவாங்க' என்று வீட்டில் தடுக்கிறார்கள். எப்போது கூப்பிட வேண்டும், என்ன தயார் செய்ய வேண்டும்?

இப்போதே கூப்பிடுங்கள். பாட்டியிடமே கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். அந்தத் தலைமுறைக்காரர்கள் பெரும்பாலும் நாம் கேட்கட்டும் என்றுதான் காத்திருப்பார்கள்.

வீட்டார் பயப்படுவதற்குக் காரணம் 'அவஸ்தைப் பூசுதல்' என்ற பழைய பெயர். அவஸ்தை என்றால் இங்கே மரண வேதனை. கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-லேயே இது உயிர் பிரியும் நேரத்துக்கு மட்டுமானதல்ல, 'நோயில்பூசுதல்' என்பதே பொருத்தமான பெயர் என்று சொல்லிவிட்டது. 1972-ல் போப் ஆறாம் பவுல் சடங்கையும் திருத்தினார். நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே வாங்கலாம். குணமாகி மறுபடி நோய் வந்தாலும், அதே நோய் முற்றினாலும் திரும்ப வாங்கலாம்.

தள்ளிப்போட்டால் உண்மையில் இழப்பது பூசுதலை அல்ல. நினைவில்லாதவருக்கும் அதைக் கொடுக்கலாம். கைவிட்டுப் போவது மற்ற இரண்டு. ஒன்று பாவசங்கீர்த்தனம், அதாவது பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது, அதற்குப் பேச்சோ சைகையோ வேண்டும். இன்னொன்று வழியுணவு, அதாவது கடைசிப் பயணத்துக்கான நற்கருணை (இயேசுவின் உடலாக விசுவசித்து உட்கொள்ளும் அப்பம்). அதற்கு விழுங்கத் தெம்பு வேண்டும். மரணத்துக்கான ஆயத்தம் என்று திருச்சபை சொல்வது இந்த மூன்றும் சேர்ந்ததைத்தான்: முதலில் பாவசங்கீர்த்தனம், பிறகு பூசுதல், கடைசியில் நன்மை, அதாவது அந்த நற்கருணை. உயிர் போன பிறகு ஃபாதர் வந்தால் இறந்தவருக்கான செபம்தான் சொல்வார், பூசமாட்டார். உயிர் இருக்கிறதா என்று சந்தேகம் இருந்தால் மட்டும் பூசலாம்.

போனில் ஃபாதரிடம் நாலு விஷயம் சொல்லுங்கள்: நினைவு இருக்கிறதா, பேசுகிறாரா, விழுங்குகிறாரா, எந்த நேரம் தெளிவாக இருப்பார். வலி மாத்திரை கொடுத்ததும் தூங்கிவிடுபவராக இருந்தால் அதற்கு முந்தைய நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். பங்குச்சாமி ஊரில் இல்லையென்றால் எந்தக் குருவானாலும் சரி. நன்மையைத் திருத்தொண்டரோ நற்கருணைப் பணியாளரோ கொண்டுவரலாம். ஆனால் பூசுதல் குரு மட்டுமே கொடுக்கக்கூடியது. வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த எண்ணெயை பக்தியோடு தடவலாம், தப்பில்லை, ஆனால் அது இந்த அருட்சாதனம் ஆகாது.

கட்டில் பக்கத்தில் ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுருபம் (இயேசு தொங்கும் சிலுவை), இரண்டு மெழுகுவர்த்தி, தீர்த்தம், ஒரு டம்ளர் தண்ணீர், ஸ்பூன், ஃபாதர் விரல் துடைக்கக் கொஞ்சம் பஞ்சு. ஆக்ஸிஜன் ஓடினால் மெழுகுவர்த்தி கொளுத்தவே கூடாது. காது மெஷின் இருந்தால் மாட்டிவிடுங்கள். ஃபாதர் வந்ததும் எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்துங்கள், பாவசங்கீர்த்தனத்தில் மகளுக்குக்கூட இடமில்லை. முடிந்ததும் அவரே கூப்பிடுவார்.

எண்ணெய் நெற்றியிலும் இரு கைகளிலும் பூசப்படும். கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தால், அவசரமென்றால், நெற்றியில் மட்டும் பூசினாலும் செல்லும். நன்மைக்கு முந்தைய ஒரு மணி நேர உபவாசம் நோயாளிக்கும் முதியவருக்கும் கிடையாது, அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் கிடையாது. அதனால் கஞ்சி குடித்துவிட்டார் என்று தயங்காதீர்கள். அப்பத்தில் நகக்கண் அளவு துண்டு போதும். அதை வாயில் வைத்து ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுக்கலாம். திடப்பொருளே இறங்காதவருக்கு அர்ச்சித்த திராட்சை இரசத்தின் துளி கொடுக்கவும் வழியுண்டு, ஆனால் முன்கூட்டியே சொன்னால்தான் ஃபாதர் அதற்கு ஏற்பாடு செய்ய முடியும்.

திடீரென்று நிலைமை மோசமாகி, குருவே கிடைக்கவில்லையா? வாழ்நாளில் செபிக்கும் பழக்கம் இருந்து, மனம் தகுந்த நிலையில் இருக்கும் விசுவாசிக்கு மரண வேளையில் திருச்சபை பரிபூரண பலன் (மன்னிக்கப்பட்ட பாவங்களுக்கு மிஞ்சியிருக்கும் தண்டனை முழுவதும் நீங்கும் அருள்) தருகிறது. சிலுவையைக் கையில் கொடுத்து, உத்தம மனஸ்தாப மந்திரத்தை (பாவங்களுக்காக மனம் வருந்தும் செபத்தை) துண்டு துண்டாகச் சொல்லுங்கள், அவர் உதடசைத்தால் போதும். நீளமாகச் சொல்லிக் களைப்படைய வைக்க வேண்டாம். அதுவும் முடியாதபோது 'இயேசு மரி சூசை' என்ற மூன்று பெயரை மட்டும், பாட்டிக்குப் பழகிய குரல் ஒன்று காதருகே மெதுவாகச் சொல்லட்டும்.