ஜான் குவின்சி ஆடம்ஸ்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்காவின் இரண்டாவது அதிபர் ஆடம்ஸும் ஆறாவது அதிபர் ஆடம்ஸும் ஒரே ஆளா?

இல்லை. இரண்டாமவர் அப்பா ஜான் ஆடம்ஸ். ஆறாமவர் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ் (1767–1848). படிக்கும்போது நடுவில் ‘குவின்சி’ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். இன்று நாம் பேசுவது மகனைப் பற்றி.

சின்ன வயதிலேயே தூதரகத்தில் வேலை பார்த்தாராமே அண்ணா?

ஆமாம். பத்து வயதில் அப்பாவோடு பிரான்ஸுக்குக் கப்பலேறியவர். 1781-ல், 14 வயதில், பிரான்சிஸ் டேனா என்ற தூதருக்குச் செயலராகவும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளராகவும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போனார். அதற்கு முன்பே, 12 வயதில் டைரி எழுத ஆரம்பித்துவிட்டார். சாகும் காலம் வரை எழுதிய அந்த டைரி 51 தொகுதிகள், ஏறத்தாழ 15,000 பக்கங்கள். மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கம் அதை இணையத்தில் வைத்திருக்கிறது. அவரைப் பற்றி எந்தக் கதையைக் கேட்டாலும், அந்தத் தேதியில் டைரி என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள்.

வெள்ளை மாளிகையில் முதலை வளர்த்தாரா?

அவர் காலத்து ஆதாரம் எதுவும் கிடையாது. டைரியிலும் இல்லை.

பொட்டோமாக் ஆற்றில் நீந்துவார் என்பதும் கட்டுக்கதைதானா?

அது உண்மை. அதிகாலையில் போவார், பெரும்பாலும் உடையில்லாமல். 1825 ஜூன் 13-ஆம் தேதிப் பதிவைப் படித்துப் பாருங்கள். பணியாளரோடு ஓர் ஓட்டைப் படகில் எதிர்க்கரைக்குக் கிளம்பியிருக்கிறார். நடு ஆற்றில் காற்று கிளம்பி, படகு நிறைந்து, இரண்டு பேரும் குதிக்க வேண்டியதாயிற்று. சட்டையின் தொளதொளத்த கைகளில் தண்ணீர் ஏறி, கைக்கு ஒன்றாக 56 பவுண்டு எடைக்கல் தொங்கியது போல இழுத்ததாம். மூச்சு வாங்கித்தான் கரை சேர்ந்தார். அப்போது அவர் அதிபர், வயது 57.

1824 அதிபர் தேர்தலில் எதிர்த்து நின்ற ஆண்ட்ரூ ஜாக்சன்தான் அதிக வாக்கு வாங்கினார். ஆடம்ஸ் பேரம் பேசிப் பதவியைத் தட்டிப் பறித்தார் என்பதுதானே உண்மை?

அங்கே அதிபரைத் தேர்ந்தெடுப்பது மாநிலங்களின் சார்பில் வாக்களிக்கும் ‘தேர்வாளர்கள்’. 1824 தேர்தலில் ஜாக்சனுக்கு 99 தேர்வாளர் வாக்குகள், ஆடம்ஸுக்கு 84, கிராஃபோர்டுக்கு 41, ஹென்றி கிளேக்கு 37. பெரும்பான்மைக்கு 131 வேண்டும், யாருக்கும் வரவில்லை. அப்படியானால் முதல் மூவரில் ஒருவரை நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்க வேண்டும், மாநிலத்துக்கு ஒரு வாக்கு. இது அரசியலமைப்பில் எழுதியிருக்கிற வழி. 1825 பிப்ரவரி 9-ல் 24 மாநிலங்களில் 13 ஆடம்ஸுக்கு வாக்களித்தன. மக்கள் வாக்கு என்கிறீர்கள்; நியூயார்க் உட்பட ஆறு மாநிலங்களில் தேர்வாளர்களைச் சட்டமன்றமே நியமித்தது, மக்கள் வாக்கே நடக்கவில்லை.

(அதே வாசகர்) சுற்றி வளைக்கிறீர்கள் ஐயா. கிளேயை வெளியுறவு அமைச்சர் ஆக்கினாரா, இல்லையா?

ஆக்கினார். உங்கள் பக்கத்துக்கு வலுவான சான்றை நானே தருகிறேன்: கிளேயின் சொந்த மாநிலமான கென்டக்கியில் ஆடம்ஸுக்கு மக்கள் வாக்கே விழவில்லை, அங்கே சட்டமன்றமும் ஜாக்சனை ஆதரிக்கச் சொன்னது. அப்படியும் கிளேயின் செல்வாக்கில் அந்த மாநில உறுப்பினர்கள் 8–4 என்று ஆடம்ஸ் பக்கம் போனார்கள். ஜனவரி 9 மாலை கிளே ஆடம்ஸைச் சந்தித்ததும் டைரியில் இருக்கிறது. தனக்கென்று எதுவும் கேட்கவில்லை, பொதுக் கொள்கைகளைப் பற்றியே கேட்டார் என்று ஆடம்ஸ் எழுதியிருக்கிறார். அதற்கு மேல் சான்று இல்லை. இருவருக்கும் சாலை, கால்வாய், தேசிய வங்கி எல்லாவற்றிலும் ஒரே கருத்து. பேரம் இல்லாமலே சேரக்கூடியவர்கள். ஆனால் அந்தப் பதவியைக் கொடுத்தது பெரிய தவறு. நான்கு வருடமும் அந்தப் பழி போகவில்லை, 1828-ல் ஜாக்சனிடம் 178–83 என்று தோற்றார்.

(அதே வாசகர்) தவறு என்று ஒப்புக்கொண்டால் பேரம் என்றும் ஒப்புக்கொள்ளலாமே?

முடியாது. இரண்டும் வேறு வேறு. சரி, இதை இத்தோடு விடுவோம். இந்த ஒரு தேர்தலே எல்லா நேரத்தையும் தின்றால் அவர் செய்த பெரிய காரியம் மறைந்துபோகும்.

பதவி போனபின் ஏன் சாதாரண உறுப்பினராகச் சபைக்குப் போனார் என்று அக்கா கேட்கச் சொன்னார்கள்.

உங்கள் அக்காவுக்கு என் நன்றி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 1831 முதல் சாகும்வரை, 17 வருடம் சபையில் இருந்தார். அடிமை முறையை எதிர்த்து மக்கள் ஆயிரக்கணக்கில் மனு அனுப்பிய காலம் அது. 1836-ல் சபை ஒரு விதி கொண்டுவந்தது: அப்படிப்பட்ட மனுவை அச்சிடவும் கூடாது, விவாதிக்கவும் கூடாது, அப்படியே ஒதுக்கி வைக்க வேண்டும். வாய்ப்பூட்டு விதி. ஆடம்ஸ் அதைக் குடிமக்களின் மனு உரிமை மீது விழுந்த அடியாகப் பார்த்தார்.

1837 பிப்ரவரி 6 அன்று எழுந்து, தங்களை அடிமைகள் என்று சொல்லிக்கொள்ளும் 22 பேரின் மனு கையில் இருக்கிறது, இது விதிக்குள் வருமா என்று சபாநாயகரைக் கேட்டார். தென்மாநில உறுப்பினர்கள் கொதித்து எழுந்து, கண்டனத் தீர்மானம் என்று கத்தினார்கள். கத்தவிட்டு அப்புறம்தான் சொன்னார்: அந்த மனு அடிமை முறையை ஒழிக்கவே கூடாது என்று கேட்கிற மனு! 1842-லும் கண்டிக்கப் பார்த்தார்கள், அதுவும் தோற்றது. 1844 டிசம்பர் 3-ல் 108–80 என்று விதி ஒழிந்தது. அவருக்கு வயது 77.

ஒன்றை மறைக்கக் கூடாது. 1812 போரில் பிரிட்டிஷ் படையோடு போய்விட்ட அடிமைகளுக்காக அவர்களின் எஜமானர்களுக்கு இழப்பீடு கேட்டு வாதாடியவரும் இதே ஆடம்ஸ்தான். பிரிட்டன் 1826-ல் 12 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

அமிஸ்டாட் வழக்கை அவர் ஒருவரே வென்றாரா?

இல்லை. அடிமைகளாகக் கடத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் அமிஸ்டாட் என்ற கப்பலைக் கைப்பற்றியதால், அவர்களுக்கு விடுதலையா இல்லையா என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கு அது. அவர்களுக்காக ரோஜர் பால்ட்வினும் வாதாடினார், சட்டக் கட்டுமானத்தில் அவர் பங்கு பெரியது. ஆடம்ஸ் 1841 பிப்ரவரி 24-லும் மார்ச் 1-லும் பேசினார். நடுவில் ஒரு நீதிபதி இறந்ததால் இடைவெளி விழுந்தது. மார்ச் 9-ல் ஆப்பிரிக்கர்கள் விடுதலை பெற்றார்கள்.

மெக்சிகோ போரின் காரணங்கள் என்ன?

அது என் துறை இல்லை. அந்தப் போரை அவர் எதிர்த்தார் என்பது மட்டும் தெரியும்.

ஐயா, அந்த முதலை...

மேலே பாருங்கள்.

எப்படி இறந்தார்?

1848 பிப்ரவரி 21, சபையில். மெக்சிகோ போர் அதிகாரிகளுக்கு நன்றி சொல்லும் தீர்மானத்துக்கு ‘இல்லை’ என்று வாக்களித்த சற்று நேரத்தில் இருக்கையிலேயே சரிந்தார். சபாநாயகர் அறைக்குத் தூக்கிப் போனார்கள், 23-ல் அங்கேயே உயிர் பிரிந்தது. அப்போது சபையில் உறுப்பினராக இருந்தவர்களில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன்.

டைரியை எங்கிருந்து தொடங்கலாம்?

ஆற்றில் விழுந்த நாள், 1825 ஜூன் 13. பிறகு 1844 டிசம்பர் 3. விதி ஒழிந்த அன்று இரவு, கடவுளின் பெயர் என்றென்றும் வாழ்த்தப்படட்டும் என்று எழுதியிருக்கிறார்.